ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டா? பின்பக்கத்தைப் பார்க்காமல் மாட்டாதீர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஸ்பீக்கர் சாமான் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ‘200 வாட், டூ வே’ என்று அச்சடித்த கிராஸ்ஓவர் போர்டு (சத்தத்தை பேஸ், கீச்சு என்று இரண்டாகப் பிரித்து அததற்கான ஸ்பீக்கருக்கு அனுப்புவது) ஒரு ஜோடியை அங்கே ஒரு கடையில் வாங்கினேன். அதனால் நல்ல ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) ஒன்று எரிந்துபோனது. கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

நான் செய்துகொண்டிருந்தது சாதாரண பாக்ஸ்தான். பேஸுக்கு ஆறரை இஞ்ச் வூஃபர், கீச்சுக்கு ஒரு இஞ்ச் டோம் ட்வீட்டர், இரண்டும் 8 ஓம். வீட்டில் மிதமான சத்தத்தில் பாட்டு கேட்க 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் எளிமையாகப் பிரித்தால் போதும். அதற்கு ட்வீட்டருக்குப் போகும் வழியில் 6.8 மைக்ரோஃபாரட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர், வூஃபருக்குப் போகும் வழியில் 0.43 மில்லிஹென்ரி காயில். கெப்பாசிட்டர் பேஸைத் தடுக்கும், காயில் கீச்சைத் தடுக்கும். பாக்ஸுக்கு இந்த இரண்டே சாமான்தான். அதை எழுதியே எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, “தனித்தனியா எதுக்கு சார், இந்த போர்டுல எல்லாமே இருக்கு. இதுவும் 3000-லதான் கட் ஆகும், கெப்பாசிட்டரும் நீங்க கேட்ட அதே வகைதான்” என்று உறுதியாகச் சொன்னார். ஜோடி 650 ரூபாய். பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் தேதியும் தொகையும் மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மாட்டிக் கேட்டபோதே சந்தேகம் வந்தது. ஜால்ரா சத்தம்கூட வூஃபரிலிருந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்க ட்வீட்டர் கரகரத்து, கருகல் வாசனையோடு நின்றுவிட்டது. மல்டிமீட்டரில் வைத்தால் ஓப்பன், அதாவது உள்ளே கம்பி அறுந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் அவுட்புட்டில் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) எதுவும் கசிகிறதா என்று பார்த்தேன், சில மில்லிவோல்ட்தான். அதில் கோளாறு இல்லை.

போர்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முன்பக்கம் பளபளவென்று ஒரு காயில் நிற்கிறது. பின்பக்கம் அதன் இரண்டு காலும் ஒரே காப்பர் டிராக்கில் சால்டர் ஆகியிருக்கின்றன. இன்புட் பிளஸ் நேராக வூஃபர் பிளஸுக்குப் போகிறது. காயில் வெறும் அலங்காரம்! கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது, அதாவது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம்.

கெப்பாசிட்டர் இன்னும் மோசம். சிவப்பு ஸ்லீவை பிளேடால் கீறி உரித்தால், உள்ளே மைனஸ் கோடு போட்ட சாதாரண எலெக்ட்ரோலிட்டிக். அது டிசிக்கானது. ஸ்பீக்கருக்குப் போவதோ ஏசி, திசை மாறி மாறி ஓடும். தலைகீழ் வோல்டேஜ் வரும்போது இந்த வகைக்குள் இருக்கும் ஆக்சைடு படலம் கெட்டு, சூடாகி, கசிய ஆரம்பிக்கும். கசிந்தால் தடுக்க வேண்டிய பேஸ் எல்லாம் ட்வீட்டருக்குள் இறங்கும். ட்வீட்டருக்குள் இருக்கும் முடியளவு மெல்லிய கம்பிச்சுருள் எப்படித் தாங்கும்? எரிந்த பக்கத்துக் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தது.

கடைக்குப் போய் உரித்ததையே காட்டினேன். “ஓப்பன் பண்ணிட்டா ரிட்டர்ன் கிடையாது சார்” என்றார். அப்புறம், “உங்க ஆம்ப்ளிஃபயர்னாலதான் போயிருக்கு” என்றார். எனக்குக் கோபம் வந்தது 650 ரூபாய்க்காக இல்லை. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் தன் முதல் பாக்ஸுக்கு அதே போர்டை விலை கேட்டுக்கொண்டிருந்தான். அது எரிந்தால் தன் கைவேலைதான் தப்பு என்று நினைத்து அந்தப் பையன் ஸ்பீக்கர் செய்யும் பக்கமே வராமல் போய்விடுவான்.

‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் திரும்ப எடுக்கக் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள்தான் கெடு என்று கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. துண்டுச்சீட்டு, பணம் அனுப்பிய யுபிஐ பதிவு, போர்டின் படங்கள் எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

இப்போது வேறு கடையில் அந்த இரண்டு சாமானையும் தனியாக வாங்கிக் கட்டிவிட்டேன். கெப்பாசிட்டரைக் கடையிலேயே மீட்டரில் அளந்து காட்டினார்கள். 18 கேஜ் செம்புக் கம்பி காயில், கையில் எடுத்தாலே கனம் தெரிகிறது. ஆம்ப்ளிஃபயர் பிளஸை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கெப்பாசிட்டர் வழியாக ட்வீட்டர் பிளஸுக்கும், இன்னொன்றைக் காயில் வழியாக வூஃபர் பிளஸுக்கும் கொடுத்தேன். மைனஸ் மூன்றும் ஒன்றாக. காயிலை வூஃபர் காந்தத்திலிருந்து தள்ளி, பலகையில் ஒட்டினேன். பாடகரின் குரல் இப்போது தெளிவாக இருக்கிறது.

ரெடிமேட் போர்டை ஏற்கெனவே மாட்டியவர்கள் ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, வூஃபர் காயிலின் ஒரு காலை மட்டும் சால்டர் எடுத்துத் தூக்குங்கள். இன்புட் பிளஸுக்கும் வூஃபர் பிளஸுக்கும் நடுவே கன்டினியூட்டி ரேஞ்சில் மல்டிமீட்டர் பீப் அடிக்கக் கூடாது, அடித்தால் அந்தக் காயில் வெறும் அலங்காரம்தான். காயிலை எடுக்காமல் சோதித்தால் நல்ல போர்டும் பீப் அடிக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்து இன்புட் பிளஸிலிருந்து ட்வீட்டர் பிளஸுக்கு ஓம் ரேஞ்சில் பாருங்கள். ஒரு கணம் முள்ளோ எண்ணோ அசைந்து ஓப்பன் ஆகிவிட வேண்டும். எண் எதிலாவது நின்றுவிட்டால் அந்தக் கெப்பாசிட்டர் கசிகிறது, உடனே மாற்றுங்கள்.