பழைய பாட்டு, புதுத் தொண்டை

2001 ஜனவரியில் ரியோ டி ஜெனீரோவில் அயர்ன் மெய்டன் என்ற ஆங்கிலேய ராக் குழு நடத்திய கச்சேரியின் பதிவு ஒன்று இருக்கிறது. பாடுவது புரூஸ் டிக்கின்சன். நடுவில் 'சைன் ஆஃப் த கிராஸ்', 'த கிளான்ஸ்மேன்' என்று இரண்டு நீளமான பாடல்கள் வரும். இரண்டுமே டிக்கின்சன் குழுவில் இல்லாத நாட்களில், அவர் இடத்துக்கு வந்த பிளேஸ் பெய்லி பாடியவை. பெய்லியை 1999-ல் அனுப்பிவிட்டார்கள். ஆளை அனுப்பினாலும் பாட்டை அனுப்ப மனசு வரவில்லை போலிருக்கிறது. 'த கிளான்ஸ்மேன்' பாட்டில் 'ஃப்ரீடம்' என்ற இடம் வந்ததும் அந்த மைதானமே சேர்ந்து கத்துகிறது.

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். பெய்லி தோற்றாரா, இல்லை குழு அவரைத் தோற்கவிட்டதா?

பழைய ராக் குழு ஒன்று புதுப் பாடகரோடு மறுபடி ஊர் ஊராகக் கிளம்பும்போது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுவது வாடிக்கை. "அவர் இல்லாமல் அது அந்தக் குழுவே இல்லை" என்று ஒரு பக்கம். "பாட்டு நன்றாக இருந்தால் போதாதா" என்று மறுபக்கம். டிரம்ஸ்காரர் மாறினால் அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. பாடகர் வாயைத் திறந்த நொடியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் இவ்வளவு சூடு. ஆனால் இந்தச் சண்டையில் யாரும் அதிகம் பேசாத ஒன்று சுருதி. பழைய பாட்டுகளின் சுருதியை என்ன செய்கிறார்கள், புதுப் பாட்டுகளை யார் தொண்டைக்கு அளவெடுத்துத் தைக்கிறார்கள் என்ற இரண்டையும் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

முதல் வழி, அதே மாதிரிக் குரலைத் தேடிப் பிடிப்பது. இதில் எல்லோரும் சொல்லும் உதாரணம் ஜர்னி என்ற அமெரிக்கக் குழு. அதன் பழைய பாடகர் ஸ்டீவ் பெர்ரியின் குரல் உச்சத்தில் போய் நின்றாலும் பிசிறு தட்டாதது. 2007-ல் அந்தக் குழுவின் கிட்டார்காரர் நீல் ஷோன் யூடியூபில் துழாவிக்கொண்டிருந்தபோது, மணிலாவில் பாடிக்கொண்டிருந்த ஆர்னல் பினேடாவின் வீடியோக்கள் கண்ணில் பட்டன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பெர்ரிதான். அடுத்த வருடமே 'ரெவலேஷன்' ஆல்பம் வந்தது. அதில் புதுப் பாடல்கள் ஒரு தட்டில் இருந்தன. இன்னொரு தட்டில், பழைய ஹிட் பாடல்கள் 11-ஐ பினேடாவையே மறுபடி பாடவைத்துப் பதிந்திருந்தார்கள்.

அந்த இரண்டாவது தட்டு எனக்கு எப்போதும் உறுத்தும். "பாருங்கள், இவராலும் முடிகிறது" என்று குழுவே நிரூபித்துக் காட்ட வேண்டிய நிலை அது. பினேடா அதில் தேறிவிட்டார், சந்தேகமே இல்லை. சுருதியை மாற்ற வேண்டியதில்லை, ரசிகர் காதுக்கும் நெருடல் இல்லை, டிக்கெட் விற்கிறது. ஒரு மாலைப் பொழுதுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. பெர்ரி குழுவில் சேர்ந்தது 1977-ல். விலகியும் திரும்பி வந்தும் அவர் இருந்த வருடங்களை எல்லாம் கூட்டினாலும், பினேடா அந்த மைக்கைப் பிடித்திருக்கும் காலம் அதைவிட அதிகம். ஆனாலும் அரங்கில் இருப்பவர்கள் கேட்க வந்தது பெர்ரி பதிந்துவிட்டுப் போன பாட்டுகளை. முப்பதை ஒட்டிய வயதில் ஒருவர் ஸ்டுடியோவில் எட்டிப்பிடித்த ஸ்வரங்களை, அறுபதை நெருங்கும் இன்னொருவர் ராத்திரிக்கு ராத்திரி எட்ட வேண்டும். 2017-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ஜர்னியைச் சேர்த்தபோது பெர்ரி மேடைக்கு வந்தார், பேசினார், பினேடாவை வாயாரப் பாராட்டினார். பாடவில்லை. பாடியது பினேடா. அந்த இருவருக்கும் நடுவில் பகை எதுவும் தெரியவில்லை, நல்ல விஷயம்.

ஜூடாஸ் பிரீஸ்டும் இதே வழியில்தான் போனது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டு விலகியபின், அவர்கள் பாடல்களையே பாடிவந்த ஒரு நகல் குழுவிலிருந்து டிம் 'ரிப்பர்' ஓவன்ஸை 1996-ல் கூட்டிவந்தார்கள். இரண்டு ஸ்டுடியோ ஆல்பங்கள் வந்தன. 2003-ல் ஹால்ஃபோர்டு திரும்பினார், அந்த ஆல்பங்களின் பாடல்கள் மேடையிலிருந்து இறங்கிவிட்டன. மெய்டனில் பெய்லியின் பாட்டுக்குக் கிடைத்த மறுவாழ்வு இங்கே இல்லை. ஓவன்ஸ் மோசமான பாடகர் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் ஹால்ஃபோர்டைப் போலவே பாடக்கூடியவர், ஹால்ஃபோர்டே வந்தபின் அந்த 'போல' எதற்கு?

இரண்டாவது வழி, வேறு குரலை எடுத்துக்கொண்டு குழுவையே கொஞ்சம் திருப்புவது. துணிச்சல் வேண்டும். ஏசி/டிசியின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்தார், வயது 33. 'பேக் இன் பிளாக்' வெளியானது அதே வருடம் ஜூலை 25. நடுவில் ஐந்து மாதம்தான். அதற்குள் பிரையன் ஜான்சனைத் தேர்ந்தெடுத்து, பஹாமாஸுக்குப் போய்ப் பதிவை முடித்து, துக்கத்துக்கு அடையாளமாகக் கறுப்பு அட்டை போட்டு, மணியோசையோடு தொடங்கும் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் 2.5 கோடிப் பிரதிகளுக்கு மேல் என்று சான்று பெற்ற ஆல்பம் அது.

ஸ்காட்டின் குரலில் ஒரு கள்ளச் சிரிப்பு இருக்கும். சாராயக்கடை வாசலில் நின்று கதை சொல்கிறவரின் குரல் அது. ஜான்சனிடம் அது கிடையாது. அவருடையது தகரத்தைக் கிழிக்கிற மாதிரியான அலறல். ஸ்காட்டின் பழைய பாட்டுகளை அவர் பாடும்போது அந்தக் குறும்பு காணாமல் போகிறது, வேகம் மட்டும் மிஞ்சுகிறது. எனக்கு இன்றும் அதில் மனக்குறை உண்டு. ஆனால் 'பேக் இன் பிளாக்' பாட்டுகளை ஸ்காட் பாடியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், சரியாக வராது. அவை ஜான்சனின் தொண்டை அளவுக்குத் தைத்தவை. சொற்களை எழுதியதும் அவரே.

பிளாக் சப்பாத் இதைவிடத் தூரம் போனது. அதன் முதல் பாடகர் ஆஸி ஆஸ்பர்னுக்குக் கிட்டாரின் மெட்டையே ஒட்டிப் பாடும் பழக்கம். 1979-ல் வந்த ரானி ஜேம்ஸ் டியோ அப்படியில்லை. கிட்டார் ஒரு பக்கம் போக, இவர் அதன் மேல் தனியாக ஒரு மெட்டை ஓட்டுவார். குழு தன் எழுத்தையே மாற்றிக்கொண்டது. 1980-ல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' அதன் பலன். பிற்காலத்தில் அதே ஆட்கள் டியோவோடு ஊர் சுற்றியபோது சப்பாத் என்ற பெயரை விட்டுவிட்டு 'ஹெவன் அண்ட் ஹெல்' என்ற பெயரிலேயே போனார்கள். இது நேர்மையான ஏற்பாடு என்பேன். வான் ஹேலனும் இந்த வகைதான். டேவிட் லீ ராத் போய் சாமி ஹேகர் வந்ததும் வெளியான '5150', 1986-ல் அமெரிக்கப் பட்டியலில் அந்தக் குழுவின் முதல் நம்பர் ஒன் ஆல்பம் ஆனது. ராத் 2007-ல் திரும்பியபோது ஹேகர் காலத்துப் பாட்டுகள் அலமாரிக்குப் போய்விட்டன. ஒரே பெயரில் இரண்டு குழுக்கள் என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

இப்போது பெய்லிக்குத் திரும்பலாம். மெய்டனும் 1994-ல் வேறு குரலைத்தான் எடுத்தது. டிக்கின்சனுக்கு எட்டுக்கட்டைத் தொண்டை. பெய்லியுடையது கனத்த, கீழே நிற்கிற சாரீரம். ஆல்பங்களில் அதை ஓரளவு புரிந்துகொண்டு எழுதினார்கள். 1995-ல் வந்த 'த எக்ஸ் ஃபாக்டர்' இருட்டாக, மெதுவாக இருப்பது அவர் குரலுக்கு ஒத்துப்போகிறது. (முதல் தடவை கேட்டபோது நான் பாதியில் நிறுத்தியவன்தான். பல வருடம் கழித்துத்தான் பிடித்தது.) ஆனால் மேடையில்? டிக்கின்சனுக்காக எழுதிய பாட்டுகளை, அதே சுருதியில், பெய்லி பாட வேண்டியிருந்தது. குழு தன் கிட்டார்களை இறக்கிக் கட்டவில்லை. ராத்திரிக்கு ராத்திரி எட்டாத இடத்தை எட்டப் பார்த்து அவர் தொண்டை கெட்டது, சில கச்சேரிகள் ரத்தாயின. கேட்டவர்களுக்கு ஆள் சரியில்லை என்று பட்டது.

அரைக் கட்டை இறக்குவது ராக் குழுக்களுக்குப் பெரிய விஷயமே அல்ல. எல்லாத் தந்திகளையும் ஒரே அளவு தளர்த்தினால் போதும், விரல் போகிற இடம் மாறாது, கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. கன்ஸ் அன்ட் ரோசஸ் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் கட்டி வாசிக்கிறது. இரண்டு கட்டைக்கு மேல் இறக்கினால்தான் தந்தி தொளதொளத்து ஓசையே மாறத் தொடங்கும். பெய்லிக்கு அரைக் கட்டை போதுமாக இருந்திருக்குமா? எல்லாப் பாட்டுக்கும் போதாது. ஆனால் முயன்றாவது பார்த்திருக்கலாம். வேறு குரலை எடுத்துக்கொண்டு பழைய குரலின் வேலையை அதே அளவில் வாங்கப் பார்ப்பதுதான் இருக்கிற வழிகளிலேயே மோசமானது.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு இடிக்கிற குழு ஒன்று இருக்கிறது, குயின். அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி 1991-ல் இறந்தார். 2005 முதல் பால் ராட்ஜர்ஸோடு சுற்றினார்கள். அவர் ஃப்ரீ, பேட் கம்பெனி குழுக்களில் பெயர் வாங்கியவர், ப்ளூஸ் ஊறிய குரல். அவரோடு 2008-ல் 'த காஸ்மோஸ் ராக்ஸ்' என்ற புது ஆல்பமும் போட்டார்கள். வேறு குரல், புதுப் பாட்டு என்று என் கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த வருடமே பிரிந்துவிட்டார்கள், அந்த ஆல்பத்தை இன்று யாரும் தேடிப் போவதில்லை. பிறகு வந்தவர் ஆடம் லேம்பர்ட், 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர். 2012-ல் முதல் முழுக் கச்சேரி. அவரோடு புது ஸ்டுடியோ ஆல்பம் ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் பத்து வருடத்தைத் தாண்டி ஓடியிருக்கிறது.

நெடுநாள் யோசித்ததில் எனக்குப் பட்டது இது. குயின் பாட்டுகள் பாதி நாடகம். அவற்றுக்கு உயரமும் வேண்டும், மினுக்கும் வேண்டும். ராட்ஜர்ஸ் நின்று பாடுகிறவர், மண்ணின் வாசனை உள்ள குரல். 'வி வில் ராக் யூ'வுக்குப் பொருந்தும், மற்றதற்கெல்லாம் சட்டை தோளில் இறுக்கும். லேம்பர்ட் அந்த ராஜபார்ட் வேஷத்தை ரசித்துப் போடுகிறார். குரல் ஃப்ரெடியுடையது மாதிரி இல்லை, ஆனால் எல்லாச் சுருதியும் எட்டுகிறது. முக்கியமாக, ஃப்ரெடிக்கு மாற்று யாரும் இல்லை என்று அவரே மேடையில் சொல்லிவிடுகிறார். 'லவ் ஆஃப் மை லைஃப்' பாட்டில் குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே தனியாக கிட்டாரோடு உட்கார, கடைசியில் திரையில் ஃப்ரெடியே வருகிறார். பெயரிலும் 'குயின் + ஆடம் லேம்பர்ட்' என்று ஒரு கூட்டல் குறி. அந்தச் சின்னக் குறி பெரிய வேலை செய்கிறது. வந்தவர் விருந்தாளி, வீட்டை எழுதிக் கேட்கவில்லை. ராட்ஜர்ஸுக்கும் அந்தக் கூட்டல் குறி இருந்தது உண்மைதான், ஆனால் புது ஆல்பம் என்று வந்ததும் அது விருந்தாளி வேலையைத் தாண்டிவிட்டது.

உள்ளே இருப்பவரையே பாடவைப்பது இன்னொரு வழி. பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-ல் விலகியபின் ஜெனிசிஸ் பலரைப் பாடவைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தங்கள் டிரம்ஸ்காரர் ஃபில் காலின்ஸிடமே வந்து நின்றது. அவர் முன்பே பின்குரல் கொடுத்தவர், ஓரிரு பாட்டுகளைத் தனியாகவும் பாடியவர். ரசிகர் காதுக்கு அந்நியம் இல்லை. எல்லாக் குழுவிலும் ஒரு காலின்ஸ் ஒளிந்திருக்க மாட்டார் என்பதுதான் சிக்கல். காலின்ஸ் போனபின் வெளியிலிருந்து ரே வில்சனைக் கூட்டிவந்தார்கள், 1997-ல் ஒரே ஒரு ஆல்பத்தோடு முடிந்தது.

லிங்கின் பார்க்கை இந்த வரிசையில் எங்கே வைப்பது? அதன் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இறந்தது 2017 ஜூலையில். ஏழு வருடம் மௌனம். 2024 செப்டம்பரில் டெட் சாரா குழுவின் எமிலி ஆம்ஸ்ட்ராங்கை அறிமுகப்படுத்தினார்கள், நவம்பரில் 'ஃப்ரம் ஜீரோ' ஆல்பம். பெண் குரல் என்பதாலேயே நகல் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது, அது ஒரு புத்திசாலித்தனம். இன்னொரு வசதியும் உண்டு. அந்தக் குழுவுக்கு எப்போதும் இரண்டு குரல்கள். மைக் ஷினோடா அங்கேயேதான் இருக்கிறார். 'இன் தி எண்ட்' தொடங்கும்போது முதலில் கேட்பது ஷினோடாவின் குரல், பாதிப் பாட்டுக்குச் சொந்தக்காரர் மேடையில் நிற்கிறார். ஏசி/டிசிக்கோ மெய்டனுக்கோ இந்தத் தாங்கல் இருந்ததில்லை.

ஒரு ராத்திரிக்கு மட்டும் டிக்கெட் வாங்குகிறேன் என்றால் லேம்பர்ட் நிற்கும் மேடைக்குத்தான் போவேன். பினேடா அடுத்து. குழு இன்னும் இருபது வருடம் உயிரோடு எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்றால் டியோ, ஜான்சன் வழி. ஆம்ஸ்ட்ராங் விஷயத்தில் என் கவனம் 'ஃப்ரம் ஜீரோ' மேல் இல்லை, அதற்கு அடுத்த ஆல்பத்தின் மேல். சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றி, அவர் தொண்டை எங்கே நிற்கும், எங்கே உடையும் என்று ஷினோடாவுக்கு நன்றாகத் தெரிந்தபின் எழுதுவது அதுவாகத்தான் இருக்கும்.