பழைய செவ்ரலேயா, ஃபோர்டா: எந்தச் சேஸிஸில் எந்த உதிரி உட்காரும்?

பழைய அமெரிக்க பிக்கப் ஒன்றை வாங்கி ஓட வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முகத்தைப் பார்த்துத்தான் ஆண்டைச் சொல்வார்கள். கிரில், போனட், விளக்கு. ஆனால் முகம் மாறிய ஆண்டும் சேஸிஸ் மாறிய ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. காயலான் கடையில் கிடைக்கும் சாமான் உங்கள் வண்டியில் ஏறுமா என்பது சேஸிஸைப் பொறுத்தது.

செவ்ரலே சி10-ஐ எடுத்துக்கொள்வோம். 1966 மாடலையும் 1967 மாடலையும் பக்கத்தில் நிறுத்தினால் வேறு வேறு தலைமுறை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அடியிலோ அதே 115, 127 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்; குட்டை வண்டிக்கு ஒன்று, நீள வண்டிக்கு ஒன்று). 1963-ல் வந்த ஏணி மாதிரிச் சட்டமும் முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கும் தொடர்ந்தன. அதற்கு முந்தைய 1960-62 வண்டிகளில் முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொடுக்கும் கம்பி), சி10-க்கு எக்ஸ் வடிவச் சட்டம். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

1971-ல் முன்பக்க டிஸ்க் பிரேக் எல்லா வண்டிக்கும் வந்தது. ட்ரம் பிரேக்கோடு வந்த 1963-70 வண்டிக்காரர்கள் 71, 72 வண்டியின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தை ஆர்ம், ஸ்பிண்டில், பிரேக் எல்லாவற்றோடும் கழற்றி அப்படியே மாட்டிக்கொள்வது இதனால்தான். இந்த வரிசையில் இதைவிடப் பயனுள்ள மாற்றம் வேறு இல்லை என்பேன். ஒரு சிக்கல் உண்டு. டூ வீல் டிரைவ் சி10-ல் அதே 1971-ல் வீல் நட் ஆறிலிருந்து ஐந்தானது. முன்பக்கத்தை மட்டும் மாற்றினால் முன்னால் ஐந்து, பின்னால் ஆறு. ஸ்டெப்னியாக எதை வைத்துக்கொள்வது? பின் ஆக்சிலையும் அதே வண்டியிலிருந்து எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

1973-ல் முகத்தோடு அடியும் மாறியது. வீல்பேஸ் 117.5, 131.5 அங்குலம். பின்பக்கம் காயில் ஸ்பிரிங் போய் லீஃப் ஸ்பிரிங் வந்தது. கேபினில் சீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்ரோல் டேங்க், சட்டத்துக்கு வெளியே பக்கவாட்டில் போய்த் தொங்கியது. அழகான 1972 கேபினை விலை மலிந்த 1980 சேஸிஸில் உட்கார வைக்கலாமே என்ற ஆசை பலருக்கு வரும். சட்டத்தை வெட்டிச் சுருக்கி, கேபின் மவுண்ட்டையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவுக்கு 72 சேஸிஸையே பழுதுபார்த்துவிடலாம். முன்பக்கக் குறுக்குச் சட்டத்தை மட்டும் 73-87 வண்டியிலிருந்து கொண்டுவருவது நடக்கிற காரியம். துளைகள் எல்லாம் நேர் வராது, சிலவற்றைப் புதிதாகப் போட வேண்டும்.

1973-87 வரிசைக்குள்ளே மாற்றிக்கொள்வது எவ்வளவோ சுலபம். 1981-ல் முன்முகம் மாறியது. புது போனட்டைப் பழைய மட்கார்டோடு சேர்த்தால் ஒட்டாது. முன்பக்கம் முழுவதையும் ஒரு செட்டாக எடுத்தால் ஏறிவிடும். பின்பெட்டி வாங்கும்போது மட்டும் பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஒற்றை டேங்க்கா இரட்டை டேங்க்கா என்பதைப் பொறுத்து அது மாறும். ஃபோர் வீல் டிரைவான கே10 தனிச் சங்கதி. முன்னாலும் லீஃப் ஸ்பிரிங், அதற்கான பிராக்கெட்டுகள் சி10 சட்டத்தில் கிடையாது. பெரிய டயர் போட்டு ஓடிய கே10 என்றால் ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஃபோர்டில் ஏமாறும் இடம் வேறு. 1973-79 எஃப் வரிசை பிக்கப்பில் சாதாரண கேபின் வண்டியின் வீல்பேஸ் 117, 133 அங்குலம். 1980-ல் வந்த புது வண்டிக்கு 116.8, 133. டேப்பை வைத்து அளந்தால் ஒன்றேதான் என்று தோன்றும். ஆனால் சட்டம் முற்றிலும் புதியது, எடையைக் குறைக்க வரிசையாகத் துளை போட்டது. 79 கேபினின் மவுண்ட் அதில் நேர் வராது.

அதே சமயம் 1980 முதல் 1996 வரை கேபினின் அடிப்படை மாறவில்லை. 1987-லும் 1992-லும் முகம் மாறியது, அவ்வளவுதான். 96-ம் ஆண்டுக் கதவு 80-ம் ஆண்டு வண்டியில் தொங்கும். பின்பெட்டியும் ஏறும், 87-லிருந்து சக்கர வளைவு உருண்டையானதால் பார்வைக்கு ஒட்டாமல் இருக்கலாம். பதினேழு ஆண்டு வண்டிகளில் எதிலிருந்தும் சாமான் எடுக்க முடிவது பெரிய வசதி. கைச்செலவு பார்க்கிறவருக்கு என் ஓட்டு இந்த ஃபோர்டுக்குத்தான். டாட்ஜ் பிரியர்கள் கோபிக்க வேண்டாம்: 1972-லிருந்து 1993 வரை அங்கேயும் ஏறக்குறைய ஒரே கேபின்தான். ஆனால் காயலான் கடைகளில் ஃபோர்டு அளவுக்குக் கண்ணில் படாது.

ஃபோர்டின் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை. 1980-ல் முன் ஆக்சில் இரண்டு துண்டாகி, நடுவில் மடங்கும் ட்வின் டிராக்ஷன் பீம் ஆனது. அது பிடிக்காதவர்கள் 78, 79 எஃப்-150-ன் ஒரே துண்டான டானா 44 ஆக்சிலைப் போடுகிறார்கள். இரண்டிலும் காயில் ஸ்பிரிங் என்றாலும், புதுச் சட்டத்தில் இல்லாத டிராக் பார் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) பிராக்கெட்டைச் சேர்த்தாக வேண்டும். எஃப்-250-ல் இன்னும் சிக்கல்: 1977-ன் நடுவிலேயே சட்டம் மாறிவிட்டது. முன்பாதியில் செய்தது 'ஹைபாய்', டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் பெட்டி) கியர்பாக்ஸை விட்டுத் தள்ளித் தனியாக நிற்கும். பின்பாதியில் செய்ததில் இரண்டும் ஒட்டியிருக்கும். ஆர்சி புத்தகத்தில் இரண்டுக்கும் 1977 என்றுதான் இருக்கும், அதனால் குனிந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.