எல்லவா, இறம்பொடையா, ரிவர்ஸ்டனா? திருமலையிலிருந்து மலையேற மூன்று வழிகள்

திருகோணமலையில் யாருக்காவது மூன்று நாள் லீவு சேர்ந்து கிடைத்தால், முதலில் வாயில் வரும் ஊர் எல்ல. எல்லயில் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் இங்கிருந்து மலைக்கு ஏற மூன்று வழிகள் இருக்கின்றன. எது நல்லது என்பது பெரும்பாலும் நீங்கள் எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீர்வீழ்ச்சி பார்க்கத்தான் போகிறோம் என்றால் இன்னும் கூடுதலாக.

நமக்கு மழை என்றால் வாடைக்காற்றோடு வருவது, நவம்பர் முதல் ஜனவரி வரை. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று உடம்பைச் சுடும். அந்தக் கச்சான், தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை ஹட்டன், தலவாக்கலை, இறம்பொடைப் பக்கம் மழையாகக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வருவது. நடுவில் இருக்கும் பதுளை, பண்டாரவளைப் பக்கமும் அப்போது காய்ந்துதான் கிடக்கும். ஊவாத் தேயிலைக்கு அந்தக் காய்ந்த காற்றில்தான் தனி மணம் ஏறும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அதற்குப் பேர்போன காலம். தேயிலைக்கு நல்லது, நீர்வீழ்ச்சிக்கு இல்லை. ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தியலும நீர்வீழ்ச்சிக்குப் போனால், 220 மீற்றர் பாறையில் நூல் தொங்குவதுபோல் கொஞ்சம் தண்ணீர்தான் தெரியும்.

சரி, எல்லப் பக்கத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். பதுளைக்கு இரண்டு விதமாகப் போகலாம். ஹபரணை, பொலன்னறுவை, மஹியங்கனை என்று போவது ஒன்று. கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர், வெருகல், வாகரை வழியாகச் செங்கலடிக்குப் போய், அங்கே மேற்கே திரும்பி மகாஓயா, பிபிலை என்று ஏறுவது மற்றது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. மகாஓயாவில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. கன்னியாவில் குளித்து வளர்ந்தவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை வரும். அதன்பின் வரும் லுணுகலையும் பசறையும் சின்ன மலை ஊர்கள். சுற்றுலாக் கூட்டம் இல்லை, கடைத்தெருவில் தமிழ் கேட்கும், தேத்தண்ணிக்கு நிறுத்தினால் எந்தத் தோட்டத்துக்குப் போகிறீர்கள் என்று விசாரிப்பார்கள்.

போகிற வழியில் மூதூரில் றொபேர்ட் நொக்ஸின் நினைவுக்கல்லையும் பார்த்துவிடலாம். புயலில் சேதமான கப்பலைச் சரிசெய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த இந்த ஆங்கிலேயரை 1660ல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைக்குக் கொண்டுபோனார்கள். நம் கரையிலிருந்து மலைக்குப் போன பயணங்களில் மிக நீண்டது அதுவாகத்தான் இருக்கும்: தப்பிப் போக 1679 ஆகிவிட்டது.

பதுளையில் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, சுமார் 64 மீற்றர். காட்டுப் பாதையில் கொஞ்சம் நடக்க வேண்டும், நடைக்குப் பலன் உண்டு. நகரத்துக்குள் இருக்கும் சென் மார்க்ஸ் தேவாலயத்தில் மேஜர் றொஜர்ஸுக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படும் இந்த அதிகாரி, 1845ல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானையின் சாபம் என்று ஊரில் கதை கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

எல்லயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 1921ல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலம் அழகுதான். பாலத்தைவிடப் பாலத்தில் நிற்கும் ஆட்கள்தான் அதிகம் தெரிவார்கள். இராவணன் நீர்வீழ்ச்சி, இராவணன் குகை எல்லாம் உண்டு. கோணேசர் கோயிலில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை எட்டிப் பார்த்து வளர்ந்த நமக்கு, அவனைத் தேடி அவ்வளவு தூரம் ஓட வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இந்தப் பக்கத்து நீர்வீழ்ச்சிகள் நிறைவது நவம்பர், டிசம்பரில். மண் சரிவதும் அதே மாதங்களில்தான். தியலுமவிலிருந்து மேலே ஏறும் வீதியில் இருக்கிறது கொஸ்லாந்தை. அங்கே மீரியபெத்தத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. படம் எடுத்துக்கொண்டு கடந்துபோகிற இடம் இல்லை அது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் மலைநாட்டைப் புரட்டிப் போட்டது. மழை மாதத்தில் கிளம்புவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் வீட்டைப் பூட்டாதீர்கள். ஜனவரி கடைசியில் போவது புத்தி: தண்ணீரும் இருக்கும், வானமும் திறந்திருக்கும்.

இறம்பொடை வழி ஓகஸ்டுக்கானது. கண்டி, கம்பளை, புசல்லாவை என்று ஏறினால் 109 மீற்றர் இறம்பொடை நீர்வீழ்ச்சி வீதியிலிருந்தே தெரியும். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. அப்புறம் நுவரெலியா தாண்டித் தலவாக்கலைப் பக்கம் சென் கிளயார், டெவன் நீர்வீழ்ச்சிகள். 2012ல் மேல் கொத்மலை மின்திட்டம் தொடங்கிய பிறகு சென் கிளயாரின் தண்ணீர் குறைந்துவிட்டது. டெவன் இன்னும் தன்பாட்டில் விழுகிறது. கண்டி நெரிசலில் ஒரு காலை நேரத்தைத் தொலைக்கத் தயாராக இருங்கள்.

மூன்றாவது மாத்தளை, ரிவர்ஸ்டன். எனக்கு மாதத்தைச் சொல்லாமல் ஒரு வழியைக் காட்டு என்றால் இதைத்தான் காட்டுவேன். முதல் காரணம் தூரம். மாத்தளை இங்கிருந்து சுமார் 155 கிலோமீற்றர், அங்கிருந்து ரிவர்ஸ்டன் இன்னும் 30 கிலோமீற்றர் அளவுதான். பதுளை 270 பக்கம் வரும். வாகனத்துக்குள் இருக்கும் நேரம் மிச்சமாகும்.

இரண்டாவது காரணம், தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையிலான அந்த வீதி. கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023ல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்ற நினைவில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே தடத்தில் நடந்தார்கள். நொக்ஸ் தப்பி இறங்கியதும் மன்னார்ப் பக்கம் அரிப்புக்குத்தான். அவர் இறங்கிய திசையில், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து இந்தத் தொழிலாளர்கள் ஏறினார்கள்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்த நடையின் முடிவிடம் மாதிரி. மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். பழைய தேர்கள் 1983 கலவரத்தில் எரிந்துபோயின. இப்போது ஓடுபவை பிறகு செய்தவை. வரும் வழியில் நாலந்த கெடிகேயை விடாதீர்கள். பல்லவர் பாணியில் கல்லால் கட்டிய பௌத்தக் கோயில். போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகக் கழற்றி மேலே நகர்த்திக் கட்டினார்கள். ஆங்கிலேயருக்கு எதிரான 1848 கிளர்ச்சியும் இந்த மண்ணில்தான்: தலைவர்களில் ஒருவரான கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூடினார், இன்னொரு தலைவர் புரன் அப்புவை ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றார்கள்.

ரத்தோட்டை தாண்டினால் வளைவுகள், ஏலக்காய் வாசம், பிறகு திடீரென்று காற்று. ரிவர்ஸ்டன் உச்சியில் கச்சான் காலத்தில் நேராக நிற்பதே கஷ்டம். அதற்கப்பால் பிட்டவல பத்தனைப் புல்வெளி, இன்னும் கீழே செர எல்ல நீர்வீழ்ச்சி. உயரத்தில் சின்னதுதான், ஆனால் தண்ணீருக்குப் பின்னால் போய் நின்று பார்க்கலாம். தியலும அதைத் தராது. ரிவர்ஸ்டன் இருக்கும் நக்கிள்ஸ் மலைக்கு இரண்டு பருவத்து மழையும் கிடைப்பதால், முழுக்கக் காய்ந்து ஏமாற்றுவது அபூர்வம். அட்டை உண்டு. காலில் சித்தாலேப களிம்பு பூசிக்கொள்ளுங்கள்.

குறையும் இருக்கிறது. ரயில் இல்லை, வரிசையாகக் கடைகள் இல்லை, மூடுபனி இறங்கினால் ஒன்றும் தெரியாது, வீதி ஒடுக்கம். எல்லயில் கிடைக்கும் கோப்பிக் கடை, இரவுக் கலகலப்பு எதுவும் கிடையாது. பதின்ம வயதுப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள்.

எந்த வழியானாலும், சமதரையில் ஓட்டிப் பழகிய நம் ஓட்டுநர்கள் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருவார்கள். சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். ஓட்டோ கியர் என்றால் லோ கியருக்கு மாற்றச் சொல்லுங்கள். ரிவர்ஸ்டனிலிருந்து திரும்பும்போது லக்கல பக்கம் இறங்கி எலஹர வழியாக வெளியேறினால் ஹபரணை வந்துவிடும். நான்கு மணிக்குள் ஹபரணையைத் தாண்டப் பாருங்கள், அதற்குமேல் கந்தளாய்வரை வீதி யானைகளுக்கு.