குவார்ட்ஸில் இரண்டு வருடம்: கத்திரிக்காயோடு போன பட்டா

அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் செயலியில் எழுதுவதைக் குவார்ட்ஸ் என்ற மென்பொருள் மூலம் இணையதளமாக்க ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலூர்க் கோட்டை, 1806 சிப்பாய் எழுச்சி, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் என்று கை போன போக்கில் எழுதுவேன். தளம் வேகமாகத் திறக்கிறது, தேடல் நன்றாக இருக்கிறது, செலவு இல்லை. அதில் ஒரு குறையும் இல்லை.

ஆரம்பத்தில் எல்லாம் ஒரே வால்ட்டில்தான் (அப்சிடியன் குறிப்புகளை வைக்கும் ஃபோல்டர்) கிடந்தது. வெளியே போகக் கூடாத குறிப்பின் தலையில் 'டிராஃப்ட்: ட்ரூ' என்று ஒரு வரி போட்டால் குவார்ட்ஸ் அதை விட்டுவிடும். விட்டும்விட்டது. நானும் நிம்மதியாக இருந்தேன், சென்னையிலிருந்து அண்ணன் மகன் போன் செய்யும் வரை.

“சித்தப்பா, தாத்தா பட்டாவை எதுக்கு நெட்டுல போட்டு வச்சிருக்கீங்க?”

பட்டாவாவது பரவாயில்லை, அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். அந்தப் பிடிஎஃப்பின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது அப்பாவின் ஆதார் நகல், கையெழுத்தோடு.

நடந்தது இதுதான். டிராஃப்ட் என்ற அந்த வடிகட்டி மார்க்டவுன் கோப்புகளுக்கு, அதாவது எழுதிய குறிப்புகளுக்கு, மட்டும். படம், பிடிஎஃப் எல்லாம் குறிப்பு வெளியானாலும் வெளியாகாவிட்டாலும் அப்படியே தளத்துக்குப் போய்விடும். எங்கும் இணைப்பு இல்லையென்றாலும் முகவரியை அடித்தால் திறக்கும். குவார்ட்ஸ் ஆவணத்தில் இதை எச்சரிக்கையாகவே போட்டிருக்கிறார்கள். படிக்காதது என் தப்பு. போதாக்குறைக்கு, தளத்தின் கோப்புகளை வைத்திருந்த கிட்ஹப் ரெப்போவும் (இணையத்தில் உள்ள கோப்புக் கிடங்கு) பப்ளிக்; இலவசக் கணக்கில் கிட்ஹப் பேஜஸ் மூலம் தளம் வெளியிட அது அப்படித்தான் இருக்க வேண்டும். பையன் பார்த்ததே அங்கேதான். டிராஃப்ட் என்று நான் மறைத்த குறிப்புகள்கூட அங்கே முழுசாகக் கிடந்தன.

அவசரமாகக் கோப்பை அழித்துப் புஷ் செய்தேன், அதாவது மாற்றத்தைக் கிட்ஹப்புக்கு அனுப்பினேன். அதுவும் பிரயோஜனமில்லை, பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) கோப்பு அப்படியே இருந்தது. சேர்க்க வேண்டாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் பேரைச் சேர்த்தாலும் ஏற்கெனவே உள்ளே போனதை அது தொடாது. வரலாற்றையே சுத்தம் செய்யக் கருவி உண்டு, எனக்குப் பொறுமை இல்லை. ரெப்போவை நீக்கிவிட்டுப் புதிதாக, பிரைவேட்டாகத் தொடங்கினேன். தளத்தை வெளியிடும் கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் சேவை இலவசத் திட்டத்திலேயே பிரைவேட் ரெப்போவை ஏற்றுக்கொள்கிறது.

இப்போது வெளிக்கு ஒரு வால்ட், வீட்டுக்கு ஒரு வால்ட். வெளி வால்ட்டிலும் 'எக்ஸ்ப்ளிசிட்பப்ளிஷ்' என்ற குவார்ட்ஸ் வடிகட்டியைப் போட்டிருக்கிறேன். 'பப்ளிஷ்: ட்ரூ' என்று நானே எழுதாத குறிப்பு நகராது. மறந்தால் ஒரு குறிப்பு வெளியே வராது, அவ்வளவுதான். முன்பு மறந்தால் மானம் போகும். புஷ் செய்வதற்கு முன் கணினியிலேயே பில்ட் செய்து (தளத்தை உருவாக்கி), அது வந்து விழும் 'பப்ளிக்' என்ற ஃபோல்டரைத் திறந்து பிடிஎஃப், படங்களை மட்டும் ஒரு கண் பார்ப்பேன். இரண்டு நிமிட வேலை. போன மாதம் அதில் மாட்டியது அம்மாவின் சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட்.

படங்களில் இன்னொரு வம்பு. போனில் எடுத்த கத்திரித் தோட்டப் படத்துக்குள் இருப்பிடமும் பதிந்திருந்தது. குவார்ட்ஸ் அதை நீக்காது. இப்போதெல்லாம் அதை எடுத்துவிட்டுத்தான் சேர்க்கிறேன்.

இரண்டு வால்ட் ஆனதில் ஒரு நஷ்டம் உண்டு. தாத்தா கத்திரி போட்ட கணக்கு நோட்டு வீட்டு வால்ட்டில், கத்திரி பற்றிய கட்டுரை வெளி வால்ட்டில். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அடைப்புக்குறி போட்டு இணைக்க முடியவில்லை. அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.