பூனைக்கான தெள்ளுச் சீப்பு: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் பூனை வாலடியில் முடி உதிரும் அளவுக்கு ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தது. தடவிப் பார்த்தால் முதுகெங்கும் கேழ்வரகைத் தூவியதுபோலப் பொருக்குகள் விரலில் தட்டுப்பட்டன. கடையில் ஷாம்பு, பவுடர், எண்ணெய் என்று பலவற்றை எடுத்துக் காட்டினார்கள். நான் வாங்கியது, முடிக்குள் ஒளிந்து இரத்தம் குடிக்கும் தெள்ளுப்பூச்சியை வாரியெடுக்கும் தெள்ளுச் சீப்பு ஒன்று மட்டுமே, 180 ரூபாய்க்கு.

பார்ப்பதற்கு அது நம் வீட்டுப் பேன் சீப்பைப் போன்றதுதான் என்றாலும், நெருக்கமான எஃகுப் பற்களின் முனை மழுங்கியிருப்பதால் தோலைக் கீறுவதில்லை. வாலடியிலும் கழுத்தைச் சுற்றியும் மெதுவாக வாரியபோது மிளகுத் தூளைப் போன்ற கறுப்புத் துகள்கள் சேர்ந்தன. அவற்றை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டியதும், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வளையம் படர்ந்தது. அது மண்ணல்ல, தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த இரத்தம். ஒரு பூச்சியைக்கூடக் கண்ணால் காணாமலே அரிப்பின் காரணம் தெரிந்துவிட்டது. கொடுத்த காசுக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் இதையே மருந்தென்று எண்ணி வாங்குபவர் ஏமாறுவார். தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாத பூனைக்குச் சில கடிகளே போதும், உடம்பெல்லாம் அரிக்கும். பூச்சி இடும் முட்டைகளோ உடலில் தங்காமல் பாயிலும் சோபா இடுக்கிலும் உதிர்ந்து அங்கேயே வளர்கின்றன. எனவே சீப்பில் சிக்கியவற்றைச் சோப்பு நீரில் மூழ்கடித்ததோடு நில்லாமல், படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து, கால்நடை மருத்துவர் எழுதித் தந்த பிப்ரோனில் சொட்டு மருந்தை, நாக்கு எட்டாத பிடரியில் முடியை விலக்கித் தோலில் படும்படி மாதம் ஒருமுறை இட்டுவந்தோம்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். சீப்பை விற்றவரே, "நாய்க்கான சொட்டு மருந்தில் பாதி விட்டால் போதும்" என்று யோசனை கூறினார். நாய்களுக்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைப் பூனையின் கல்லீரலால் சரிவரச் சிதைக்க இயலாது. நடுக்கமும் வலிப்பும் கண்டு உயிரே போகலாம். கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயும் அவ்வாறே ஆகாது. பூசியதையெல்லாம் பூனை நக்கி விழுங்கிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சிக்கு விழுந்த நீண்ட முடியில் இந்தச் சீப்பு இழுத்து வலிக்கச் செய்யும். முதலில் அகலப் பல் சீப்பால் வாரிக்கொள்வது நல்லது. வட்டமாக முடி கொட்டிச் செதில் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கக்கூடும். அது மனிதர்க்கும் தொற்றுமாதலால், வாருவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு பூனைக்குப் பயன்படுத்திய சீப்பை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

இப்போது வாரம் ஒருமுறை வாருகிறேன். கடந்த மூன்று வாரங்களாக ஈரத் துணி வெள்ளையாகவே இருக்கிறது. பிளாஸ்டிக் கைப்பிடி இரண்டாம் மாதமே விரிசல் விட்டு, நூல் சுற்றிப் பயன்படுத்த வேண்டியதாயிற்று என்பதால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன்.