பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஒயில் பிரஷர் மீட்டர் செட்: பழைய டொல்பின்காரர்களுக்கு

பழைய வானில் சிவப்பு ஒயில் லைட் மினுங்குகிறது என்றால் கராஜில் முதலில் சொல்வது, 'எஞ்சின் இறக்கவேணும்.' எனக்கும் அதையேதான் சொன்னார்கள். என்னுடையது எல்எச் 113 டொல்பின் (பழைய டொயோட்டா ஹையேஸ் வான்), '3எல்' என்ற டீசல் எஞ்சின். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில், தண்ணீர்க் கலன், சின்ன காஸ் அடுப்பு எல்லாம் பூட்டி, குடும்பத்தோடு அறுகம்பை, நுவரெலியா என்று ஓடுகிற வண்டி. காலையில் ஒரு குறையும் இல்லை. காலி வீதி நெரிசலில் ஊர்ந்து எஞ்சின் நன்றாகச் சூடேறியதும், சிக்னலில் நிற்கும்போது லைட் மினுங்கும். கொஞ்சம் ரேஸ் பண்ணினால் அணைந்துவிடும். இதைக் கேட்டு, சீட்டைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் மூன்று இலட்சம் என்று கணக்குச் சொன்னது ஒரு கராஜ்.

அந்த லைட்டை நம்பி எஞ்சினை இறக்க எனக்கு மனமில்லை. அது ஒன்றையும் அளப்பதில்லை. ஒயில் பிரஷர் ஏறக்குறைய 0.3 பாருக்குக் (பார் என்பது பிரஷரின் அலகு) கீழே விழுந்தால் எஞ்சினில் பூட்டியிருக்கும் ஒயில் சுவிட்ச் மூடும், லைட் எரியும். அவ்வளவுதான் அதன் வேலை. சுவிட்ச் பழுதானாலும் எரியும், வயர் எங்காவது உரசி வண்டியின் இரும்பு உடலில் பட்டாலும் எரியும். சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் மீட்டரைப் பூட்டினால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்.

செட் வாங்கியது கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில். சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டி, 10 பார் வரை காட்டும் மீட்டர், ரப்பர் ஹோஸ், ஒரு கைப்பிடி அடாப்டர்கள். பெயர் தெரியாத சீனச் சாமான். ஏழாயிரத்துக்குள் முடிந்தது. "நானா, டொயோட்டாவுக்குச் சரிவருமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "பொருந்தாட்டி கொண்டாங்க, மாத்தித் தாரன்" என்றார். பொருந்தியது. ஆனால் எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

இந்தப் பெட்டியின் பெரிய குறை அதுதான். அடாப்டர் ஒன்றிலும் சைஸ் பொறிக்கவில்லை. டொயோட்டா சுவிட்சில் இருப்பது எட்டில் ஒரு அங்குல பிரிட்டிஷ் கூம்புத் திரெட் (மரை). அங்குலத்துக்கு 28 சுற்று. பெட்டியில் அமெரிக்கத் திரெட் அடாப்டரும் இருக்கிறது, அதில் 27. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேபோல இருக்கும். தப்பானதும் ஓட்டைக்குள் ஓரிரு சுற்றுப் போகும், பிறகு இறுகும். 'சரி, பிடித்துவிட்டது' என்று ஸ்பேனரால் இழுத்தால் பிளொக்கின் திரெட் போச்சு. கழற்றிய பழைய சுவிட்சையும் அடாப்டரையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லோடு பல் உட்கார்ந்து இடையில் வெளிச்சம் தெரியாவிட்டால் அதுதான் சரியானது.

டொல்பினில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினாலும் சுவிட்ச் பக்கம் கை நுழைவது கஷ்டம். ஹோஸின் நீளம் போதும், ஆனால் எக்சோஸ்ட்டில் படாமல் கம்பியால் கட்டிவிடுங்கள். அது உருகினால் கொதிக்கிற ஒயில் முகத்தில் அடிக்கும். ஆக்சிலேட்டரில் ஒருவர், மீட்டரில் ஒருவர் வேண்டும். நான் மகனை உட்கார வைத்தேன். என் டாஷ்போர்டில் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் இல்லை. பிளக் வயரில் மாட்டும் மீட்டர்கள் டீசலுக்கு உதவாது, டீசலில் ஸ்பார்க்கே இல்லையே! காதால்தான் மட்டுக்கட்டினோம்.

குளிர் எஞ்சினில் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். ஒயில் தடித்திருக்கும்போது தேய்ந்த எஞ்சினும் நல்ல பிரஷர் காட்டும். என்னுடையது குளிரில் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டால்) 4 பாருக்கு மேல். மீட்டரைக் கழற்றி, சுவிட்சைத் திரும்பப் பூட்டி, வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைப் பக்கம் நெரிசலுக்குள் நன்றாக ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்தேன். வந்ததும் மறுபடி மீட்டர். இந்த முறை ஒரு டீ (T வடிவ) அடாப்டர் போட்டு சுவிட்சையும் அதே பைப்பில் பூட்டினேன். (டீ பெட்டியில் வராது, தனியாக வாங்கவேண்டும்.) ஐடிலில் முள் 1 பாரில் ஆடாமல் நிற்கிறது, டாஷ்போர்டில் சிவப்பு லைட் மினுங்குகிறது! ரேஸ் பண்ணினால் மூன்றரை. டொயோட்டா கேட்பது சூட்டில் ஐடிலில் குறைந்தது சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ, 3000 ஆர்பிஎம்மில் 2.5 முதல் 6 கிலோ வரை. அந்தக் கிலோவும் பாரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எஞ்சினில் குறையே இல்லை. சுவிட்சை மாற்றினேன், லைட் அடங்கிவிட்டது. மூன்று இலட்சம் வீட்டில் இருக்கிறது.

எல்லோருக்கும் இப்படி மலிவாக முடியாது. மச்சானும் ஒரு டொல்பினைக் கேம்பராக்கி வைத்திருக்கிறான். அதே மீட்டரை அதில் போட்டபோது, சூட்டில் ஐடிலில் முள் எழும்பவே இல்லை, ரேஸ் பண்ணியும் ஒன்றரையைத் தாண்டவில்லை. ஐடிலில் மட்டும் குறைந்து ரேஸில் ஏறினால் பெரும்பாலும் பெயரிங் தேய்வு அல்லது மெல்லிய ஒயில். இரண்டிலும் குறைந்தால் பம்ப், ரிலீஃப் வால்வு, உறிஞ்சும் வலை என்று தேடவேண்டும். முள் நடுங்கினால் பம்ப் காற்றை இழுக்கிறது, முதலில் டிப்ஸ்டிக்கைப் (ஒயில் அளவு பார்க்கும் கம்பி) பாருங்கள். டிப்ஸ்டிக்கில் ஒயில் தானாகவே கூடி டீசல் மணத்தால் அது வேறு கதை: டீசல் கலந்து ஒயில் நீர்த்துவிட்டது. மச்சானின் வண்டியில் சம்ப்பைக் (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஒயில் தொட்டி) கழற்றிய மெக்கானிக் பாஸ், உறிஞ்சும் வலையிலிருந்து சிலிக்கன் துண்டுகளைச் சேமியா மாதிரி இழுத்து எடுத்தார். முன்பு யாரோ கேஸ்கெட்டுக்குப் பதிலாக அள்ளிப் பூசியது. அப்புறம் பிரஷர் வந்துவிட்டது.

கொம்பி (பழைய வொக்ஸ்வாகன் வான்) வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். அதற்கான 10 மில்லிமீட்டர் அடாப்டர் உள்ளே இருக்கிறது. காற்றால் குளிரும் அந்த எஞ்சினுக்கு 2500 ஆர்பிஎம்மில், ஒயில் 70 பாகை சூட்டில், 2 பாருக்குக் கீழே போனால் தேய்வு எல்லை தாண்டிவிட்டது என்று கணக்கு.

மீட்டரின் துல்லியம் பரவாயில்லை. பாஸிடம் இருந்த பழைய ஜப்பான் மீட்டரோடு ஒப்பிட்டபோது மேல்பக்கத்தில் கொஞ்சம் கூடக் காட்டியது. நமக்கு வேண்டிய கீழ்ப்பக்கத்தில் இரண்டும் ஒத்துப்போனது. ஹோஸ் இணைப்பில் முதல் நாளே கசிந்தது, உள்ளே போட்டிருந்த வாஷர் கடதாசி மாதிரி. செப்பு வாஷர் போட்டதும் நின்றது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அடாப்டர்களில் சைஸ் பொறித்து, நல்ல வாஷரும் ஒரு டீயும் போட்டிருந்தால் நாலரை.