பழைய விதைப்புக் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டிராக்டரில் மாட்டும் விதைப்புக் கருவியைப் பழையதாக வாங்க எண்ணியிருக்கும் விவசாயிகள், அதிலும் மானாவாரிக் கரிசலில் புரட்டாசிப் பட்டத்தை நம்பி இருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எட்டயபுரம் பக்கம் எங்கள் குடும்பம் உளுந்தும் மக்காச்சோளமும் பயிர் செய்கிறது. பழைய வேளாண் கருவிகளை வாங்கிச் சரிசெய்து விற்கும் ஒரு யார்டில், உரப்பெட்டியோடு சேர்ந்த, ஒரே ஓட்டத்தில் ஏழு சால், அதாவது ஏழு வரிசை, விதைக்கும் கருவி ஒன்றை 34,000 ரூபாய்க்கு வாங்கினோம். "ஒரே கை ஓட்டியது, மூன்று பட்டம்தான் ஓடியிருக்கிறது, உளுந்து, சோளம், கடலை எதுவானாலும் விதைக்கலாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்த மூன்றுமே பொய் என்பது விதைத்த பிறகே தெரிய வந்தது.

யார்டில் அவர்கள் காட்டிய சோதனையை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே சோதனையைத்தான் எல்லா இடத்திலும் காட்டுகிறார்கள். கருவியைக் கட்டைகளின்மேல் தூக்கி நிறுத்தி, பெட்டியில் இரண்டு படி சோளத்தைக் கொட்டி, தரையில் உருண்டு விதை தள்ளும் பாகத்தை ஓட்டும் தரைச்சக்கரத்தை ஒரு பையன் கையால் வேகமாகச் சுற்றினான். கீழே விரித்திருந்த தார்ப்பாயில் ஏழு குழாய்களிலிருந்தும் விதை சலசலவென்று கொட்டியது. "ஏழு குழாய்லயும் விழுதா இல்லையா, நீங்களே பாருங்க அண்ணாச்சி. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் யார்டுக்காரர். சோளம் சிறிய, உருண்டையான, வழுக்கிக்கொண்டு ஓடும் விதை. தேய்ந்த கருவியிலும் அது தாராளமாகக் கொட்டும். சக்கரத்தை வேகமாகச் சுற்றும்போது எந்தக் குழாயில் கூட, எந்தக் குழாயில் குறைவு என்று கண்ணால் பிரித்துப் பார்க்கவும் முடியாது. எல்லாம் ஒரே தார்ப்பாயில் ஒரே குவியலாக விழுந்துவிடுவதால் பிறகு அளக்கவும் வழி இல்லை. அந்தத் தார்ப்பாய் விதையைச் சேமிப்பதற்காக விரித்ததாகவே தெரியும். அதன் உண்மையான பயன் வேறு.

விதைத்த அன்றும் எந்தச் சந்தேகமும் எழவில்லை. ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து என்ற கணக்கில் விதை அளவைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை வைத்தோம், ஏறக்குறைய அந்த அளவு விதைதான் செலவானது. பயிர் முளைத்து வந்தபோதுதான் நிலைமை புரிந்தது. ஒரு சாலில் உளுந்து ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அடுத்தடுத்த சால்களில் முழ நீளத்துக்குப் பொக்கை விழுந்திருந்தது. டிராக்டர் திரும்பி வந்த ஒவ்வொரு சுற்றிலும் அதே வரிசையில் அதே பொக்கை திரும்பத் திரும்ப வந்ததால், விதையின் மேலோ மண்ணின் மேலோ பழி போட இடமில்லை. நெருக்கமாக முளைத்த சாலில் பயிர் ஒல்லியாக வளர்ந்து வெளுத்தது, பொக்கை விழுந்த சாலைக் களை பிடித்துக்கொண்டது. பட்டம் நகர்ந்துவிட்ட மானாவாரி நிலத்தில் மறுபடி விதைத்து அந்த ஈரத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதை விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டினோம். பெட்டியில் உளுந்தை நிரப்பி, டிராக்டர் நடக்கும் வேகத்துக்கு ஒப்ப, தரைச்சக்கரத்தை நிதானமாகப் பதினாறு சுற்றுச் சுற்றி, நகைக்கடைத் தராசு போன்ற சிறிய மின்தராசில் ஒவ்வொரு பையையும் எடை போட்டோம். கிராம் கணக்கில் வந்தவை: 22, 14, 9, 3, 10, 19, 4. மொத்தம் 81. அந்த மொத்தம் சரியான அளவு. ஒரு குழாய்க்கு 11, 12 கிராம் விழுந்திருக்க வேண்டும், ஒன்றிரண்டு கிராம் ஏறக்குறைய இருப்பது இயல்பு. ஒரு சாலில் ஏழு மடங்கு விதை விழுந்து இன்னொரு சால் பட்டினி கிடந்தாலும் ஏக்கர் கணக்கு ஒழுங்காகவே வந்துவிடுகிறது என்பதுதான் இந்த ஏமாற்றின் நுட்பம்.

ஏன் பதினாறு சுற்று என்று கேட்பீர்கள். சால் இடைவெளி 30 சென்டிமீட்டர், ஏழு சால் என்றால் கருவி ஒருமுறை போகும் அகலம் 2.1 மீட்டர். எங்கள் தரைச்சக்கரத்தின் சுற்றளவு 1.2 மீட்டர். ஒரு சுற்றுக்கு இரண்டரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேல் நிலம் விதைபடுகிறது. ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர், ஆகவே பதினாறு சுற்று ஒரு சென்ட் நிலத்துக்குச் சமம். ஏக்கருக்கு 8 கிலோ என்றால் சென்டுக்கு 80 கிராம். உங்கள் கருவியின் சக்கரச் சுற்றளவை ஒரு கயிற்றால் அளந்து, இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கப் போகும்போது நீங்கள் எந்த விதையை விதைக்கப் போகிறீர்களோ அதையே ஐந்தாறு கிலோ கையோடு எடுத்துப் போங்கள். சிறிய தராசும் பைகளும் இருந்தால் அரைமணி நேரத்துக்குள் சோதனை முடிந்துவிடும். பை கட்டி எடை போட விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

பெட்டியைக் கழற்றியபோது காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. எங்கள் கருவி, பள்ளம் வெட்டிய ரோலர்கள் விதையை வாரிக் குழாயில் தள்ளும் வகை. கைப்பிடியை நகர்த்தினால் தண்டு பக்கவாட்டில் நகர்ந்து, ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் ரோலர் எவ்வளவு நீளம் தெரிகிறதோ அந்த அளவுக்கு விதை விழும். ஆகவே எல்லாக் கிண்ணத்திலும் ரோலர் ஒரே நீளம் வெளியே தெரிய வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் எங்கள் கருவியில் ஓரிடத்தில் 6 மில்லிமீட்டரும் இன்னோரிடத்தில் 15 மில்லிமீட்டரும் தெரிந்தன. ஐந்து ரோலர்கள் பழைய அலுமினிய வார்ப்பு, பள்ளங்களின் விளிம்பு மழுங்கிப் போயிருந்தன. இரண்டு மட்டும் வேறு ஏதோ கருவியிலிருந்து கழற்றிப் போட்ட பிளாஸ்டிக் ரோலர்கள், விட்டமும் சற்று வேறு. மொத்த அளவு மட்டும் சரியாக வரும்படி யாரோ உட்கார்ந்து சரிக்கட்டியிருக்கிறார்கள். மூன்று பட்டம் ஓடிய கருவியில் இந்தத் தேய்மானம் வராது.

உரப்பெட்டியின் அடித்தகடு அதைவிட மோசம். டிஏபியும் காம்ப்ளக்ஸ் உரமும் ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும், விதைப்பு முடிந்ததும் பெட்டியைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் பூசாதவர்களின் கருவியில் முதலில் போவது இந்தத் தகடுதான். அரித்த ஓட்டைகளைப் பட்டி வைத்து மூடி, அதன்மேல் பளபளப்பாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்கச் சிறிய காந்தம் ஒன்று போதும்: நல்ல தகட்டில் சட்டென ஒட்டும், பட்டி வைத்த இடத்தில் ஒட்டாது அல்லது நழுவும். புதுப் பெயின்ட் அடித்த எந்தப் பழைய கருவியையும் காந்தம் வைத்துத் தடவிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

மண்ணில் சால் கிழிக்கும் கொழுமுனைகளையும் பாருங்கள். தேய்ந்த முனைகளில் இரும்புத் துண்டை வெல்டிங் வைத்து நீட்டியிருந்தார்கள், ஒவ்வொன்றும் ஒரு நீளம். கரிசலில் மழைக்கு முன்பே சோளம் விதைக்கிறவர்கள் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும் என்று கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆழத்தில் கிடக்கும் விதை சிறு தூறலுக்கு ஏமாறாமல், மண் நன்றாக நனையும் மழை பெய்த பிறகே முளைக்கும். மேலாக விழுந்த விதை முதல் தூறலில் முளைத்து, அடுத்த வெயிலில் கருகிவிடும். சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்து, எல்லா முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தால் இந்தக் குறை அங்கேயே தெரிந்துவிடும். சங்கிலிப் பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் வளைந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். தரைச்சக்கரத்தின் முள் தேய்ந்திருந்தால் அது மண்ணில் சுற்றாமல் இழுபடும், அந்த இடமெல்லாம் விதை விழாது.

பழைய வகை, புதிய வகை என்ற கேள்வியும் இங்கே வருகிறது, ஏனென்றால் ஒவ்வொரு வகையும் வேறு விதமாகக் கெடுகிறது. மாடு பூட்டிய காலத்துக் கருவியில், மரக் கிண்ணத்திலிருந்து மூங்கில் குழாய்கள் சால்களுக்கு இறங்கும். ஆந்திரத்தில் கொர்ரு என்று இன்றும் பெயர் சொல்கிறார்கள். 1790களில் ஹால்காட் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி இந்தத் தென்னிந்தியக் கருவியைப் பாராட்டி இங்கிலாந்தின் வேளாண் வாரியத்துக்கு எழுதியிருக்கிறார். அதில் விதையின் அளவைத் தீர்மானித்தது கிண்ணத்தில் விதை விடும் பெண்ணின் கை. குழாய் அடைத்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும், உடைந்தால் ஊர்த் தச்சர் சரிசெய்வார். ஆனால் மழை பெய்து ஈரம் காய்வதற்குள் பத்து ஏக்கரை முடிக்க அதனால் இயலாது, விதை விடத் தேர்ந்த கைகளும் இன்று அரிது.

ரோலர் வகை டிராக்டர் கருவி நெல், கோதுமை, சோளம் போன்ற சிறிய விதைகளுக்கு ஏற்றது. உளுந்துக்கும் ஒழுங்காக இருந்தால் போதும். நிலக்கடலைப் பருப்பை அதில் போட்டால் ரோலருக்கும் கிண்ணத்துக்கும் இடையில் நசுங்கிப் பிளந்துவிடும். கடலையும் விதைக்கலாம் என்று ஒருவர் ரோலர் கருவியை விற்கிறார் என்றால் அவர் மற்றதற்குச் சொல்வதையும் நம்ப வேண்டாம். மக்காச்சோளத்துக்கும் கடலைக்கும் சாய்தட்டு வகையே பொருத்தம்: சாய்ந்து சுழலும் தட்டின் குழிகள் விதையை ஒவ்வொன்றாக எடுத்துக் குழாயில் விடும், பயிருக்குத் தக்கபடி தட்டை மாற்ற வேண்டும். இதைப் பழையதாக வாங்கும்போது எல்லாச் சால்களுக்கும் உங்கள் பயிருக்குரிய தட்டு முழுமையாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். தட்டு இல்லாத சாய்தட்டுக் கருவி வெறும் சட்டம்தான். காற்றை உறிஞ்சி விதையைப் பிடிக்கும் விலை உயர்ந்த நியூமேட்டிக் கருவிகளும் இப்போது பழைய சந்தைக்கு வருகின்றன. அவற்றில் ரப்பர் அடைப்பு கொஞ்சம் கசிந்தாலும் விதை விடுபடும், டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் மாட்டி விசிறியை ஓட்டாமல் எதையும் சொல்ல முடியாது. அருகில் உதிரிபாகம் கிடைக்காதவர்கள் அதன் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒரு பட்டத்துக்கு மட்டும் தேவைப்படுகிறவர்கள், வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் டிராக்டரும் கருவியும் தங்கள் வட்டாரத்தில் கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிடலாம், அரசின் உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம்.

எடைக் கணக்கையும் படங்களையும் எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனபோது அவர்கள் காட்டியது எங்களிடம் இருந்த அதே விற்பனைச் சீட்டை. அதில் "பழைய இரும்புச் சாமான், 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது. விதைப்புக் கருவி என்று நாங்கள் விற்கவே இல்லை, இரும்பு விலைக்குத்தான் கொடுத்தோம் என்பது அவர்கள் பதில். டிராக்டருக்கு இருப்பது போல் இந்தக் கருவிகளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, ஆகவே சீட்டில் உள்ள சொற்கள்தான் ஆவணம். ஏழு சால் விதை மற்றும் உர விதைப்புக் கருவி, தகட்டில் உள்ள வரிசை எண், இயங்கும் நிலையில் விற்கப்பட்டது என்னும் மூன்றையும் எழுதி முத்திரையிட்டுத் தரச் சொல்லுங்கள். தகட்டில் எண் இல்லை, அல்லது தகடு புதிதாக ரிவெட் அடிக்கப்பட்டிருக்கிறது என்றால் அதற்கான காரணத்தையும் கேளுங்கள்.

நாங்கள் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம். பதில் திருப்தியாக இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயன்படுத்த வாங்கிய கருவிக்குப் புகார் கொடுக்க இடம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இதே போல் பச்சைப் பெயின்ட் அடித்த கருவியை வாங்கி, முளைப்புக் குறைவுக்கு விதையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் வட்டாரத்திலேயே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் கருவியைக் கழற்றுவதற்கு முன் குழாய்களில் பை கட்டி எடை போட்டு, தராசின் எண் தெரியும்படி படம் எடுத்து, சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளட்டும்.